கொரியாச் சேற்றில் ஒரு நேர்ச்சை

1872 பிப்ரவரி 12, திங்கள். வடமேற்குக் காற்று. துறையில் பனி.

இத்தனையும் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னவன். எழுதிவைக்கவில்லை, அது ஒன்றுதான் குறை. என் அக்காள் மகன் அமாரோ, பதினாறு வயதில் பிக்கோ தீவிலிருந்து வந்து இந்த நியூ பெட்ஃபர்ட் துறையில் இறங்கிய அன்றே, "இவன் மார்பில் ஒருநாள் ஏதோ தொங்கப் போகிறது" என்றேன். என் மனைவி உம்பெலினா, "இப்ப மூக்குல தொங்குதே அத மொதல்ல தொடைங்க" என்றாள். அவளுக்கு எதிர்காலம் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்று காலை ஒரு கப்பல் மாலுமிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகம் முடிந்திருந்தது. அவர் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தார். போன ஜூனில் கொரியா தேசத்தில் நம் அமெரிக்கக் கடற்படை கோட்டைகளோடு சண்டை போட்டதே, அதில் வீரப் பதக்கம் பெறுகிறவர்களின் பட்டியல். நான்காவது பெயர் அமாரோ ஃபுர்தாடோ. பிறந்த ஊர்: பிக்கோ, அசோர்ஸ் தீவுகள். காயம்பட்ட மாலுமி ஒருவரை முதுகில் சுமந்து வந்ததற்காக.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். மறுபாதி முகம் அப்படியே கிடந்தது. அவர் நுரையோடு என் பின்னால் ஓடிவந்து திட்டினார். திட்டட்டும். அந்தக் கத்தி பிடித்த கை யாருடைய மாமன் கை என்று அவருக்கு அப்போது தெரியாது.

பிப்ரவரி 15. காற்று அதே.

கடையில் நிற்க இடமில்லை. நம் தீவுக்காரர்கள் முழுக்க வந்துவிட்டார்கள், தலையில் முடியில்லாதவர்கள்கூட. கோட்டையில் ஐம்பது பீரங்கி என்றேன்.

பிப்ரவரி 17.

யோசித்துப் பார்த்ததில் எண்பது பீரங்கி இருந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 22. தெற்குக் காற்று, மழை.

நம் ஆட்கள் எல்லோரும் திமிங்கில வேட்டைக்குப் போகிறவர்கள். அமாரோ மட்டும் ஒரே ஒரு பயணம் போய் வந்து, "அதோட கண்ணப் பாத்துட்டேன் மாமா, இனிமே ஈட்டி எறிய மாட்டேன்" என்று கடற்படையில் சேர்ந்தான். அன்று ஊரே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் ஜெர்வாசியோ. அவன் ஃபயால் தீவுக்காரன், ஈட்டி எறிபவன். பிக்கோவுக்கும் ஃபயாலுக்கும் நடுவே கால்வாய் போல ஒரு துண்டுக் கடல்தான். ஆனால் அந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இந்தக் கரையைப் பார்த்தாலே சிரிப்பு வரும். அன்றும் நான் சொன்னேன், பையன் ஏதோ பெரிதாக நினைத்திருக்கிறான் என்று. (சொன்னதாகத்தான் ஞாபகம்.)

மார்ச் 4, திங்கள். மேற்குக் காற்று.

கடிதம் வந்துவிட்டது! சான்பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்துக் கடற்படை மருத்துவமனையிலிருந்து. அமாரோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐவர் என்ற நார்வேக்காரர் எழுதியிருக்கிறார். அமாரோ முதுகில் தூக்கிக்கொண்டு வந்தது இவரைத்தான். இங்கிலீஷில் இருந்தது. நான் கப்பல் குறிப்புப் புத்தகங்களைப் பார்த்துப் படிக்கக் கற்றவன். காற்று, கடல், திமிங்கிலம் பற்றிய சொற்கள் சரளமாக வரும், மற்றவை கொஞ்சம் தட்டும். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

மலைமேல் கோட்டை. சுவர் ஏறும்போது ஐவருக்கு இடுப்பில் குண்டு. அமாரோவின் பாதத்தில் ஈட்டி. ஈட்டியைப் பிடுங்கிவிட்டு, ஐவரை முதுகில் போட்டுக்கொண்டு, சரிவில் இறங்கி, கடலோரச் சேற்றைக் கடந்து படகுவரை வந்திருக்கிறான். வந்தபிறகு இரண்டு மாதம் காய்ச்சல். இப்போது பரவாயில்லை, பாதம் மட்டும் ஆறவில்லை, ஏப்ரலில் வீட்டுக்கு வருகிறான். கடைசி வரியில், "மாமாவிடம் சொல்லுங்கள், இதைப் பெரிதுபடுத்த வேண்டாமாம்" என்று இருக்கிறது.

பெரிதுபடுத்துவேனா? வாடிக்கையாளர்களிடம் மட்டும் சொன்னேன்.

மார்ச் 9, சனி. காற்று இல்லை.

சனிக்கிழமை, கடை நிரம்பிய நேரம். சேற்றை இடுப்பளவு ஆக்கி, எதிரிகள் பின்னால் துரத்த, நான் கதையை நன்றாக நகர்த்திக்கொண்டிருந்தேன். ஜெர்வாசியோ மூலையிலிருந்து எழுந்தான்.

"பதக்கம் இந்த நாட்டு அரசாங்கம் குடுத்தது. சரி, குடுக்கட்டும். குண்டு பறக்கறப்ப உங்க பையன் பரிசுத்த ஆவியக் கூப்பிட்டானா? அதச் சொல்லுப்பா. இல்ல, இந்த ஊர்க்காரனுங்க மாதிரி கெட்ட வார்த்தையக் கூப்பிட்டானா?"

நான்கு பேர் சிரித்தார்கள். முகத்தில் நுரையோடு நாற்காலியில் இருந்தவரும் சிரித்தார்.

"பிக்கோக்காரனுக்கு எரிமலையும் பெருசு, வாயும் பெருசு. ரெண்டும் புகையத்தான் லாயக்கு" என்றான் மறுபடி.

"கூப்பிட்டான்!" என்றேன். "சேத்துல முழங்கால் மாட்டிக்கிட்டப்போ நேர்ச்சையே செஞ்சான். 'பரிசுத்த ஆவியே, உயிரோட கரையேத்து, எங்க மாமன் வீட்டுலேர்ந்து கோவில் வரைக்கும் வெறுங்காலோட உன் மகுடத்தச் சுமக்கறேன்'னு. கடிதத்துல இருக்கு. வேணும்னா பங்குச் சாமியார்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லு."

ஜெர்வாசியோ தொப்பியைக் கழற்றினான். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

எப்படி வாயடைத்தேன் பார்!

மார்ச் 10, ஞாயிறு. வடகிழக்கு.

பூசை முடிந்து கோவில் வாசலில் ஜெர்வாசியோ என்னைப் பிடித்துக்கொண்டான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். கையைப் பிடித்தான்.

பெந்தகோஸ்து திருவிழாவுக்கு நம் சபையில் வருடா வருடம் சீட்டுப் போட்டு ஒருவரைச் சக்கரவர்த்தியாக எடுப்போம். ஈஸ்டர் முதல் ஏழு வாரம் வெள்ளி மகுடம் அவர் வீட்டில் இருக்கும். திருவிழா அன்று அவர் தலையில் சாமியார் அதை வைப்பார், அவர் ஊருக்கே விருந்து வைப்பார். ஜெர்வாசியோ பதினொரு வருடமாகச் சீட்டுப் போட்டவன். போன வருடம் அவன் வடகடலில் இருந்தபோதுதான் இந்த வருடத்துக்கு அவன் பெயர் விழுந்தது. பனிக்கட்டியில் சிக்கிய கப்பலை விட்டுவிட்டு, ஈட்டிகூட இல்லாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தவனுக்கு இங்கே காத்திருந்த ஒரே நல்ல செய்தி அது.

"கடல்ல செஞ்ச நேர்ச்சை, பெல்ஷியோர். சீட்டுக்கு முன்னால அதுதான். இந்த வருஷம் உங்க வீடு. நான் நேத்து சிரிச்சது தப்பு."

சபையார் எல்லோரும் தலையசைத்தார்கள். சாமியாரும் தலையசைத்தார்.

நான் என்ன சொல்வது? நன்றி சொன்னேன்.

மார்ச் 11.

இன்று கத்தி மூன்று பேரைக் கீறிவிட்டது.

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நல்ல வெயில்.

மகுடம் வந்துவிட்டது. முன்னறையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கிறோம். உச்சியில் புறா, பக்கத்தில் செங்கோல். தட்டோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தேன், பத்து பவுண்டு இருக்கும். உம்பெலினா அதன் முன் முழங்காலிட்டாள். பிறகு எழுந்து என்னைப் பார்த்து, "அந்தக் கடிதத்த ஒருக்கா எனக்குப் படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன்.

ஏப்ரல் 6, சனி. தென்மேற்கு.

அமாரோ வந்துவிட்டான்.

ரயிலடியில் நூறு பேர். (நாற்பது. ஆனால் சத்தம் நூறு பேருடையது.) ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு கடைசியாக இறங்கினான். ஒல்லியாகிவிட்டான். தாடி வளர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் கை அரித்தது. "மாமா, நான் ஐவர விட்டுச் சொன்னேனே, பெருசு பண்ணாதீங்கன்னு" என்று காதில் சொன்னான். "நான் ஒண்ணுமே பண்ணலடா, அவங்களா வந்துட்டாங்க" என்றேன். பின்னால் பித்தளை வாத்தியம் ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்குள் வந்ததும் மகுடத்தைப் பார்த்தான். நின்றுவிட்டான். உம்பெலினா அழுதுகொண்டே நேர்ச்சை விவரத்தை எல்லாம் சொன்னாள். அவன் அத்தையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 8, திங்கள்.

கடையைத் திறக்கும் முன் தாடியை நான்தான் எடுத்துவிட்டேன். கத்தி கழுத்தில் இருக்கும்போது கேட்டான்:

"மாமா, நேர்ச்சை கடிதத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் செஞ்சதாவா?"

"உனக்குக் காய்ச்சல்டா. எப்படி ஞாபகம் இருக்கும்?"

கண்ணாடியில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சரி மாமா" என்றான். கடிதத்தைக் காட்டச் சொல்லவில்லை. நல்லவேளை.

நல்லவேளை என்று எதற்கு எழுதினேன்? அடித்துவிட வேண்டும். மை தீர்ந்துபோயிற்று, நாளை அடிக்கிறேன்.

ஏப்ரல் 20, சனி. மேற்கு, பலத்த காற்று.

பதக்கத்தைப் புகையிலை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். வெண்கல நட்சத்திரம், மேலே நங்கூரம். அவன் தூங்கும்போது எடுத்துப் போய் ஆறு பேருக்குத்தான் காட்டினேன்.

இன்று கடையில் எல்லோரும் அவனையே சொல்லச் சொன்னார்கள். "மாமா என்னவிட நல்லாச் சொல்வாரு" என்றான். விடவில்லை. அப்புறம் சொன்னான். நான் அதை அப்படியே எழுதுகிறேன், என் சரக்கு எதுவும் இதில் இல்லை:

"சேறுதான் மொதல்ல. கால வெச்சா பூட்ஸ சேறு வாங்கிக்கும், திருப்பிக் குடுக்காது. நான் வெறுங்காலோடதான் மலை ஏறினேன். மேல இருந்தவங்க கையில பழைய துப்பாக்கி, திரியில நெருப்பு வெச்சுச் சுடறது. ஒரு குண்டு சுட்டுட்டு அடுத்தது போடறதுக்குள்ள நாங்க சுவர்ல ஏறிட்டோம். அப்பவும் ஒருத்தரும் ஓடல. ஈட்டி தீந்ததும் கல்லு. கல்லு தீந்ததும் மண்ண வாரி எங்க கண்ணுல அடிச்சாங்க. அவங்க வீடு அது. நம்ம தீவுக்கு இப்படி ஒரு கப்பல் வந்து நின்னா நாம மட்டும் ஓடுவோமா? எங்களுக்கு அங்க என்ன வேலைன்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியல. ஐவர் கீழ கெடந்தாரு. விட்டுட்டு வர முடியல. அவ்வளவுதான்."

பீரங்கி எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனை வருடமாக நான் கதை சொல்கிறேன். இப்படி ஒருநாளும் கடை அடங்கியதில்லை.

ஏப்ரல் 27, சனி. மழை.

டாக்டர் வந்து பாதத்தைப் பார்த்தார். ஈட்டி மேலே நுழைந்து கீழே வந்திருக்கிறது. உள்ளே எலும்புத் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறதாம். கல் பாவிய மேட்டில் வெறுங்காலோடு ஒரு மைல் நடந்தால் காயம் திறந்துகொள்ளும், அழுக்குச் சேர்ந்தால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்றார். உம்பெலினா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அமாரோ, "எத்தன நாள் டாக்டர், திருவிழாவுக்கு?" என்றான். இருபத்திரண்டு நாள்.

மே 3, வெள்ளி.

பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். நேர்ச்சையைத் தளர்த்த முடியுமா, கம்பளிக் காலுறையாவது போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"நேர்ச்சை செஞ்சவனே வந்து கேட்டா விடுதலை குடுக்கலாம், பெல்ஷியோர். அவன வரச் சொல்லு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அமாரோ செருப்புத் தைக்கும் ஊசியால் கப்பல் துணிப்பை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். "நான் கேக்க மாட்டேன் மாமா."

"ஏண்டா?"

"வேண்டினது வேண்டினதுதான். கரையேறியாச்சு இல்ல?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வரி. வாயில்தான் இருந்தது. இருபது வருடமாகக் கேட்காத விஷயத்துக்கெல்லாம் பதில் சொன்ன வாய் இது.

மே 6.

சொல்லவில்லை.

மே 11, சனி. தெற்குக் காற்று.

ஜெர்வாசியோ ஒரு கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தான். விருந்துக்கென்று போன இலையுதிர்காலத்திலிருந்து அவன் வீட்டுப் பின்னால் வளர்த்தது. கொம்பில் சிவப்பு நாடா கட்டியிருந்தான்.

"உங்க வீட்டுல விருந்து, எங்க வீட்டுல கன்னுக்குட்டி எதுக்கு? வெச்சுக்க" என்றான். கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "பையன் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உம்பெலினா கன்றுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே வந்து சொன்னாள்: "கண்ணாடி ஒடஞ்சு ஆறு வாரமாச்சு. அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுத்தான தெனமும் செய்தித்தாள் படிக்கிறீங்க." வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

மே 18, சனி.

நூற்றுப் பதினேழு ரொட்டி சுட்டாகிவிட்டது. பெரிய பானைகளில் புதினா வாசம். பெண்கள் பாடுகிறார்கள். மாலையில் அமாரோவைத் தனியாகக் கூப்பிட்டு, "கால்ல துணியாவது சுத்திக்கோடா" என்றேன். "அது வெறுங்கால் ஆகாதே மாமா" என்றான். இதைத்தான் சொல்ல முடிந்தது. சொல்ல வந்தது இது இல்லை.

மே 19, பெந்தகோஸ்து ஞாயிறு. தென்மேற்கு, இளங்காற்று. மேகமில்லை.

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். வெள்ளைச் சட்டை, முழங்கால்வரை மடித்த கால்சட்டை. ஊன்றுகட்டையை வாசலிலேயே வைத்துவிட்டான். பதக்கம் டப்பாவில்தான். தட்டோடு மகுடத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான். முன்னால் சிவப்புக் கொடி, பின்னால் நாங்கள். தெருவின் இரண்டு பக்கமும் இந்த ஊர்க்காரர்கள், என்ன நடக்கிறது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

துறைமுகத் தெரு வரை நன்றாக நடந்தான். மேடு ஆரம்பித்ததும் ஒரு பக்கம் சாய்ந்தான். வலது பாதம் வைக்கும் இடமெல்லாம் கல்லில் ஈரம். முதலில் வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள விரும்பினேன். பிறகு அது சிவப்பு.

பாதி மேட்டில் நின்றான். எல்லோரும் நின்றோம். ஜெர்வாசியோ பக்கத்தில் போய், "தோளப் பிடிச்சுக்கப்பா, அது தப்பில்ல" என்றான்.

"வேணாம் ஐயா. ஐவர் இதவிட கனம்" என்றான் அமாரோ. "அதோட வழி முழுக்கப் பேசிக்கிட்டே வேற வந்தாரு."

ஜெர்வாசியோ சிரித்துவிட்டான். அழுதுகொண்டே சிரித்தான். அமாரோ அடுத்த அடி வைத்தான்.

நான் சண்டையைப் பார்த்ததில்லை. கோட்டையைப் பார்த்ததில்லை. ஆனால் கொரியாவில் அவன் எப்படி நடந்திருப்பான் என்று இன்று பார்த்தேன். பல்லைக் கடிக்கவில்லை. முகத்தில் வீரம் ஒன்றும் இல்லை. கல்லைப் பார்த்து, எங்கே பாதத்தை வைப்பது என்று மட்டும் பார்த்து நடக்கிற ஒரு மனிதன். இதை வைத்து நான் எத்தனை பீரங்கி முழக்கினேன்!

கோவில் வாசலில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ச்சை செலுத்துகிறவன் எங்கே, எதற்காக வேண்டினேன் என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அமாரோ திரும்பி நின்றான்.

"கொரியாவுல நான் எதையும் வேண்டிக்கல" என்றான்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது.

"வேண்டிக்க மூச்சே இல்ல. ஐவர் கடிதம் எழுதறப்ப நான் பக்கத்துப் படுக்கையிலதான் இருந்தேன். ஒவ்வொரு வரியும் கேட்டேன். அதுலயும் நேர்ச்சை எதுவும் இல்ல. ஆனா நான் வீட்டுக்கு வந்தா மகுடம் முன்னறையில இருக்கு. அப்பவே புரிஞ்சு போச்சு. வேண்டினது எங்க மாமா. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் கடல்ல இருக்கறவனுக்காக வேண்டிக்கறதில்லையா? எங்க அம்மா இருந்தா அவங்க வேண்டியிருப்பாங்க. இல்லாததால மாமா வேண்டியிருக்காரு. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டு என் பேர்ல சொல்லிட்டாரு. அவரு வேண்டினாரு, நான் கரையேறினேன். அதான் சுமந்து வந்தேன்."

பெண்கள் விம்மினார்கள். யாரோ என் தொப்பியை எடுத்துவிட்டார்கள். சாமியார் என் நெற்றியில் சிலுவை வரைந்தார். நாற்பது கைகள் என் கையைப் பிடித்தன. (நாற்பதுதான். எண்ணினேன்.) என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

பிறகு பீடத்தின் முன்னால், சாமியார் மகுடத்தை வாங்கி அமாரோவின் தலைக்கு மேல் உயர்த்தும்போது, அவன் ஒதுங்கிக்கொண்டான். "சாமி, நேர்ச்சையில சுமக்கறது மட்டுந்தான் இருக்கு. தலையில வெச்சுக்கறதப் பத்தி மாமா ஒண்ணும் சொல்லல. இவர் பதினோரு வருஷமா சீட்டுப் போட்டவரு" என்று ஜெர்வாசியோவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டான். தனக்குப் பதில் இன்னொருவரை முடிசூட வைக்க நம் வழக்கத்தில் இடமுண்டு. சாமியார் மறுக்கவில்லை. ஜெர்வாசியோவின் வழுக்கைத் தலையில் மகுடம் உட்கார்ந்தது. பனிக்கடலில் கப்பலை விட்டு வந்தபோதுகூட அழாதவன் என்று அவன் மனைவி சொன்னாள். இன்று ஒரு குழந்தை மாதிரி அழுதான்.

விருந்து நடந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன்.

மே 20.

காய்ச்சல். பாதம் வீங்கி நீலமாக இருக்கிறது. கடை திறக்கவில்லை.

மே 22.

எலும்புத் துண்டு வெளியே வந்துவிட்டது. டாக்டர் இடுக்கியால் எடுத்தார், அரிசி அளவு. அமாரோ கத்தவில்லை, நான்தான் கத்தினேன்.

மே 24, வெள்ளி. கிழக்குக் காற்று.

பாதம் தங்கிவிடும் என்றார் டாக்டர். இனி காலம் முழுக்கச் சாய்ந்துதான் நடப்பான். ஆனால் இரண்டு பாதங்களோடு நடப்பான். உம்பெலினா டாக்டரின் கையை முத்தமிட்டுவிட்டாள், அவர் புராட்டஸ்டண்ட், கூச்சப்பட்டுப் போனார்.

வாடிக்கையாளர்கள் இப்போது என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். கப்பலில் கணவன்மார் உள்ள பெண்கள், "எங்களுக்காகவும் வேண்டிக்கங்க அண்ணே" என்று வாசலில் நின்று கேட்கிறார்கள். நேற்று மூன்று பேர்.

மே 26, ஞாயிறு. தென்மேற்கு, இளங்காற்று.

மதியம் அவன் பாதத்தைக் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தேன். தினமும் நான்தான் செய்கிறேன், உம்பெலினாவை விடுவதில்லை. அவன் தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டான்:

"என்னிக்கு மாமா வேண்டிக்கிட்டீங்க? நீங்கதான் தெனமும் எழுதுவீங்களே. சண்டை ஜூன் பதினொண்ணு. அன்னிக்கேவா? ஏதாவது தோணுச்சா உங்களுக்கு? அந்தப் பக்கத்தப் படிங்க, கேக்கறேன்."

எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து போன வருடப் புத்தகத்தை எடுத்து வந்தேன். போகிற வழியில் ஏதாவது இருக்கும் என்று நிஜமாகவே நம்பினேன். ஒரு வரி. அவன் பெயராவது. ஜூன் பதினொன்றில் இல்லை. பத்தில் இல்லை. நின்றபடியே மாதம் முழுக்கப் புரட்டினேன்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தில் நான் எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம். விடியற்காலையில் திடுக்கிட்டு எழுந்தேன், நெஞ்சு பதறியது, முழங்காலிட்டேன் — எல்லாம் தானாகவே வரிசையாக வாய்க்கு வந்தது, அதுவும் தமாஷான கதையாக இல்லை, நல்ல கதையாக. அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

உள்ளதைப் படித்தேன்.

"ஜூன் 11, ஞாயிறு. தென்மேற்கு, இளங்காற்று. தூங்கிவிட்டேன், பூசைக்குப் போகவில்லை. உம்பெலினா உப்புக் கருவாட்டில் உருளைக்கிழங்கு போட்டாள், மூன்று தட்டு. மதியம் துறையில் தூண்டில் போட்டேன். பதினொரு மீன். நல்ல நாள்."

படித்து முடித்தேன். வேறு ஒன்றும் இல்லையா என்பதுபோல் கண்ணைத் திறந்தான்.

"நான் எதுவும் வேண்டிக்கலடா" என்றேன். "அன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல. கடையில ஜெர்வாசியோ சிரிச்சான். நாலு பேர் கூடச் சிரிச்சாங்க. அதனால வாய்ல வந்தது. அவ்வளவுதான். நேர்ச்சைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது."

அவன் கட்டுப் போட்ட பாதத்தைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டான். படிக்கத் தெரியாதவன், அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஜெர்வாசியோவின் குரல் கேட்டது, உம்பெலினாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் துணியைப் பிழிந்தேன். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தேன்.

"பதினோரு மீனா மாமா?" என்றான்.

"நாலு" என்றேன்.